பூட்டக் கூடாத ரேடியேற்றர்

எங்கள் வீட்டில் ஆளில்லாத அறைதான் ஆகச் சூடான அறை. படியேறியதும் வலப்பக்கம், மகளுடைய அறை. வெளியே பனி முழங்கால் உயரம் கிடக்கும், நானும் என் மனுசனும் கீழே ஹோலில் கம்பளிச் சட்டையோடு இருப்போம், மேலே அந்த அறை மட்டும் மாசிப் பனிக்குள்ளும் வைகாசி வெயில் போலக் கிடக்கும். கட்டில் விரித்தபடி, மேசையில் அவளுடைய பழைய புத்தகங்கள், யன்னலுக்குக் கீழே அந்த வெள்ளை ரேடியேற்றர். வீட்டிலுள்ள மற்ற ரேடியேற்றர்களுக்கெல்லாம் பக்கத்தில் ஒரு திருகு உண்டு. வேண்டுமென்றால் திறக்கலாம், வேண்டாமென்றால் பூட்டலாம். இதற்கு மட்டும் இல்லை. இருக்கவும் கூடாது.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் விறகடுப்பு சும்மா அடுப்பில்லை. அதன் முதுகில் ஓர் இரும்புப் பெட்டி, பெட்டிக்குள் தண்ணீர். நெருப்பு எரிய அந்தத் தண்ணீர் சூடாகும், ஒரு பம்ப் அதை இழுத்துக் கீழறையில் நிற்கும் பெரிய தாங்கிக்கு அனுப்பும், அங்கிருந்து குளிக்கவும் வீட்டைச் சூடாக்கவும் போகும். கரண்ட் நின்றால் பம்ப் நின்றுவிடும். நெருப்பு நிற்குமா? அதற்கு யார் சொல்வது? தண்ணீர் கொதித்து ஆவியாகிப் பெட்டியை வெடிக்க வைத்துவிடும். அதனால் மிஞ்சுகிற சூடு பம்ப் இல்லாமல் தன்பாட்டில் மேலே ஏறிப் போகவென்று தனியாக ஒரு குழாய் போட்டிருக்கிறார்கள். சுடுதண்ணீர் தானே மேலேறும், ஆறினது தானே கீழிறங்கும். அந்தக் குழாய் போய் முடிகிற இடந்தான் மகளின் அறை.

இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். வீடு வாங்கும்போது யாருக்குத் தெரியும்? ஒஸ்லோவில், ரொம்மனில் நாலாம் மாடிப் பிளாட்டில் பல காலம் இருந்துவிட்டு, அதற்கு மேலே சரிவில் இந்தப் பழைய மரவீட்டை வாங்கினோம். விற்ற நோர்வேஜியக் கிழவர் அடுப்புக்கு முன்னால் நின்று ஒவ்வொரு குழாயாகத் தொட்டுக் காட்டி விளக்கினார். எங்கள் மனுசன் எல்லாவற்றுக்கும் "யா, யா" என்று தலையாட்டினார். அவர் நெருப்பைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார் என்பது எனக்குத் தெரியும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பாட்ஸ்பியோர்டில் மீன் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றவர். வடக்கே உச்சியில், மரமே முளைக்காத ஊர். அங்கே விறைத்த விரல்கள் ஒஸ்லோவுக்கு வந்து பஸ் ஓட்டத் தொடங்கிய பிறகும் சரியாகவில்லை என்று சொல்வார். நெருப்பென்றால் அவருக்கு அப்படி ஒரு பைத்தியம்.

மகளுக்கோ சூடு பிடிக்காது. இந்த ஊரில் பிறந்த பிள்ளை, அவளுக்கு என்ன பனியும் குளிரும்! பதினைந்து வயதில் அந்த அறைக்குள் இருந்து படிக்க முடியாமல் தை மாதத்தில் யன்னலை அகலத் திறந்து வைப்பாள். மனுசன் முற்றத்தில் பனி தள்ளிக்கொண்டு நிற்பார். நிமிர்ந்து பார்ப்பார், யன்னலுக்குள்ளிருந்து திரைச்சீலை வெளியே பறக்கும். அவ்வளவுதான்.

"எடி பிள்ளை, நான் விறகு கொத்துறது தெருவைச் சூடாக்கவோ?"

அவள் தலையை நீட்டி, "ஓம் அப்பா, தெருவைத்தான் சூடாக்கிறன்" என்பாள். பிறகு அவர் சத்தம் போட, அவள் சத்தம் போட, நான் நடுவில் நின்று இரண்டு பேரையும் பேச, அயல் முழுக்கக் கேட்கும். இரண்டும் ஒரே வாய், ஒரே பிடிவாதம். நான் பெற்றது அவரையே இன்னொரு முறை பெற்றது மாதிரித்தான்.

ஆனால் சத்தம் போட்ட மனுசன்தான், பிள்ளை வியர்த்துப்போய் இருந்து படிக்கிறாளே என்று மனம் பொறுக்காமல், அந்தக் கோடையில் தண்ணீரை வடித்துவிட்டு அந்த ரேடியேற்றருக்கும் ஒரு திருகு பொருத்திவிட்டார். யாரையும் கேட்கவில்லை. மகள் வந்து பார்த்துவிட்டு அவர் கழுத்தைக் கட்டிப் பிடித்தாள். நானும் கெட்டிக்காரன்தான் என்று அவரைப் பாராட்டினேன். அந்தத் திருகில் எங்கள் எல்லோருடைய உயிரும் தொங்கப்போகிறது என்று கண்டோமா?

அடுத்து வந்தது தைப்பொங்கல். ரொம்மனில் இருந்த காலமெல்லாம் மின்னடுப்பில்தான் பொங்கினோம். பித்தளைப் பானையை அந்தக் காந்த அடுப்பு ஏற்காது, ஏற்றுக்கொண்ட சில்வர்ச் சட்டியில் பால் பொங்கினால் புகை எச்சரிக்கை அலறும். பொங்கி முடிப்பதற்குள் உயிர் போய்விடும். இப்போது சொந்த வீடு, உண்மையான நெருப்பு, மேலே தட்டையான இரும்பு. பானையை அதில் வைத்து, கிழக்கு யன்னலுக்கு நேரே, ஊரைக் கூப்பிட்டுப் பொங்குவோம் என்று முடிவெடுத்தோம். மனுசனுடைய ஒன்றுவிட்ட அண்ணன் குடும்பம், என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர்கள் என்று ஹோல் நிறையச் சனம். புழுக்கம் என்று எல்லோரும் சொல்ல, நான் போய்க் கீழ்த்தட்டு ரேடியேற்றர் எல்லாவற்றையும் பூட்டினேன். மேலே மகளுடையது ஏற்கெனவே பூட்டித்தான் கிடந்தது.

பால் பொங்கவேயில்லை. ஒன்பது மணி தாண்டிச் சூரியன் எட்டிப் பார்த்துவிட்டது, பாலில் ஒரு குமிழி இல்லை. மனுசன் பேர்ச் விறகை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நெருப்பு ஊளையிட்டது, மேலே பால் சும்மா ஆடை கட்டிக்கொண்டு கிடந்தது. அண்ணன்காரன், "என்னடாப்பா, உன்ரை அடுப்பும் உன்னைப் போலத்தான், சத்தம் மட்டும்" என்று பகிடி பண்ணினார். அதுதான் மனுசனுக்கு ஏறிவிட்டது. சூட்டை எல்லாம் முதுகிலிருக்கிற தண்ணீர் இழுக்கிறது, பம்பை நிப்பாட்டினால் சூடு பானைக்கு வரும் என்று எனக்குச் சொல்லிவிட்டுக் கீழறைக்கு இறங்கிப்போய்ப் பம்பை நிறுத்திவிட்டு வந்தார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பொங்கினால் நல்லது என்று நினைக்கிற சனம் நாங்கள். கொதிக்கவே கூடாத பாத்திரம் ஒன்று வீட்டுக்குள் இருக்கும் என்று எங்கள் புத்திக்கு எங்கே எட்டப் போகிறது!

கொஞ்ச நேரத்தில் பால் நுரைத்து ஏறியது. கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் இரண்டு கையாலும் அரிசியை அள்ளிப் பானையைச் சுற்றும்போது சுவருக்குள் டமார் என்றது. பிறகு டமார், டமார் என்று தொடர்ந்தது. அண்ணன்காரன் சந்தோசமாக, "அட, வெடியும் வாங்கி வைச்சிருக்கிறியோ?" என்றார். மனுசனுடைய முகத்தைப் பார்த்தேன். வெளிறிப்போயிருந்தது.

மகள் படியில் நின்றவள் ஒரே பாய்ச்சலில் கீழே வந்தாள். அடுப்பின் கீழிருந்த காற்றுத் துவாரத்தை அடித்து மூடினாள். அண்ணன்காரன் குசினியிலிருந்து வாளி நிறையத் தண்ணீரோடு வந்தார், நெருப்பை நூர்க்க. அவள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் நின்றாள். "பெரியப்பா, தண்ணி ஊத்தினா இரும்பு வெடிக்கும். எல்லாரும் வெளியிலை போங்கோ. அம்மா, பூட்டின எல்லாத்தையும் திறவுங்கோ." பிறகு தகப்பனைப் பார்த்து, "அப்பா, பம்ப்" என்றாள். அவ்வளவுதான். மனுசன் ஓடினார். அவள் மேலே ஓடித் தன் அறையின் திருகைத் திறந்தாள். கீழறையில் பாதுகாப்பு வால்வு திறந்து ஆவி சீறிக்கொண்டு வடிகாலுக்குள் பாய்ந்தது. சனம் முழுக்கச் சப்பாத்தில்லாமல் முற்றத்துப் பனிக்குள் நின்றது. வீடெல்லாம் தீய்ந்த பால் மணம்.

டமார் குறைந்து குறைந்து நின்ற பிறகு மேலே போனேன். அவள் தன் அறையில், கொதிக்கிற ரேடியேற்றருக்கு முன்னால் நிலத்தில் குந்தியிருந்தாள். கிழவர் விட்டுப்போன விளக்கப் புத்தகத்தை, அறை ஏன் இப்படி வேகிறது என்று கண்டுபிடிக்க ஒருநாள் வாசித்தாளாம். திருகு பொருத்தக் கூடாது என்ற பக்கத்தையும் வாசித்தவள்தான். அப்பா ஆசையாகச் செய்து தந்ததை எப்படி வேண்டாம் என்று சொல்கிறது என்று பேசாமல் இருந்துவிட்டாளாம். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

மறுநாள் வந்த பிளம்பர் திருகைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இது யார் செய்த வேலை என்று கேட்டார். பம்பை ஏன் நிறுத்தினீர்கள் என்றும் கேட்டார். பால் பொங்கி வழிய வேண்டும் என்பதற்காக என்று மகள் மொழிபெயர்த்தாள். அவர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, வழிய வேண்டுமென்றா செய்தீர்கள் என்று திரும்பக் கேட்டார். போகும்போது மனுசனிடம் சொன்னதை மகள் தமிழில் சொன்னாள்: "மிஞ்சின சூட்டுக்கு ஒரு வழி எப்பவும் திறந்து கிடக்கவேணுமாம் அப்பா. ஒருத்தராலையும் பூட்ட ஏலாத வழி."

அதைக் கேட்ட மனுசன்தான் பத்து வருசம் கழித்து வாயால் ஒரு கதவைப் பூட்டினார்.

மகள் தாதியாகப் படித்து முடித்து ஒஸ்லோவில் நல்ல வேலையில் இருந்தாள். ஒருநாள் சாப்பாட்டு மேசையில், பாட்ஸ்பியோர்டில் வேலை கிடைத்திருக்கிறது, போகப்போகிறேன் என்றாள். அப்பா நின்ற இடத்தைப் பார்க்க வேண்டும், அங்கே இருந்து பார்க்க வேண்டும் என்று ஆசை என்றாள். அவள் அதை அன்பாகத்தான் சொன்னாள். இவருக்கு அது எப்படிக் கேட்டதோ தெரியாது. சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினார். உன்னை அந்தக் குளிரில் விடவா நான் அங்கே நின்று மீன் வெட்டினேன், அந்த இடத்தை விட்டு வெளிக்கிட நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா என்று கத்தினார். அவளும் விடவில்லை. கடைசியில் மனுசன் படியைக் காட்டிச் சொன்னார்: "போறதெண்டாப் போ. பேந்து இந்தப் படியிலை ஏறாதை."

அவள் போனாள். ஒரு வருசம் என்று போனவள் இன்னொன்று, இன்னொன்று என்று இருந்துவிட்டாள். படியில் ஏறாதே என்றார், அவள் ஏறவில்லை. கோதாரி விழுந்த பிடிவாதம், இரண்டு பேருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் எடுப்பாள். சாப்பிட்டாயா, குளிர் எப்படி என்று நான் கேட்பேன். எல்லாம் கதைத்து முடிந்த பிறகு அவள் ஒன்று கேட்பாள், ஒரு முறையும் தவறாமல். "அடுப்பு எரியுதோ? பம்ப் ஓடுதோ?" அடுப்படியில் பேப்பர் வாசிக்கிற மாதிரி இருக்கிற மனுசன், பேப்பருக்குப் பின்னாலிருந்து, "ஓடுது எண்டு சொல்லும்" என்பார். அப்பாவும் மகளும் கதைப்பது அவ்வளவுதான். ஒருமுறை துறைமுகத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அந்த நீலக் கட்டடம் அப்போது இல்லை என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார்.

எனக்கு அவளைப் பார்க்க வேண்டும் போல் கிடந்தது. இதை எப்படி அலங்கரித்துச் சொல்வது? பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வேலையால் வந்ததும் மேலே போய் அந்த ரேடியேற்றரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிலத்தில் இருப்பேன். தோய்த்த உடுப்புகளை அங்கேதான் காயப் போடுவேன், ஏதோ ஒரு சாட்டு வேண்டுமே. அவளுடைய தலையணை உறையை மாற்றுவேன், யாரும் படுக்காத தலையணைக்கு. சிலநேரம் யன்னலைக் கொஞ்சம் திறந்து பார்ப்பேன். அவள் திறக்கிற மாதிரி அகலத் திறக்க எனக்கு மனம் வராது. சும்மா ஒரு விரல் இடைவெளி திறந்துவிட்டு மூடுவேன்.

ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குப் போனால் தாயும் மகளுமாகச் சப்பாத்துப் போட்டுப் பார்க்கிறவர்களைக் கண்டு எனக்கு எரிச்சல் வரும். மகள் ஒரு சோடியைப் போட்டு நடந்து காட்டுவாள், தாய் உதட்டைப் பிதுக்குவாள், வேறொன்று எடுப்பார்கள். ரொம்மனில் இருக்கிற என்னுடைய சிநேகிதியின் மகள் ஒவ்வொரு சனியும் வந்து கறி கட்டிக்கொண்டு போகிறாளாம். ஐயோ, என்ன கரைச்சல் என்று சிநேகிதி என்னிடம் அலுத்துக்கொண்டாள். உனக்குக் கரைச்சல், அந்தக் கரைச்சலை எனக்குத் தா என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

போன ஐப்பசியில் அடுப்பைச் சரி பார்க்க வந்தது வேறொரு பிளம்பர், இளம் ஆள். மேல் அறையை எட்டிப் பார்த்துவிட்டு, இங்கே யாரும் இல்லையே, இந்த ரேடியேற்றரைக் குளியலறைக்கு மாற்றித் தரலாம், பாதுகாப்புக்கும் குறைவில்லை, சூடும் பிரயோசனப்படும் என்றார். எனக்கு அன்று என்ன பிடித்ததோ, சரி மாற்றுங்கோ என்றுவிட்டேன். வெறுமையைச் சூடாக்கிச் சூடாக்கி எனக்கு அலுத்துப்போய்விட்டது. இனி வரமாட்டாள் என்று ஒரு மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. படியில் பின்னால் நின்ற மனுசன் நோர்வேஜிய மொழியில் "நெய்" என்றார். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அந்த ஆளும் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

குசினியில் வைத்து நான் பிடித்துக்கொண்டேன். ஆருக்காக அந்த அறை வேகிறது, நீங்கள்தானே வராதே என்று சொன்னீர்கள், இப்போது அந்தச் சூடு யாருக்கு என்று கேட்டேன். மனுசன் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றார், எப்போதும் பிடிக்கிற மாதிரி.

"பிள்ளை வந்தா அறை குளிர்ந்து கிடக்கப்படாது," என்றார். "அங்கத்தைக் குளிர் எனக்குத் தெரியுமெல்லே."

அவள் போன நாளிலிருந்து அவர் வாயில் 'பிள்ளை' என்ற சொல்லை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

ஞாயிறு வரை பொறுக்கவில்லை, அன்று மாலையே எடுத்துச் சொன்னேன். ஒரு எழுத்துக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மற்றப் பக்கம் காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. "நீங்கள் சும்மா சொல்லுறியள் அம்மா," என்றாள். இல்லையடி என்றேன்.

"ஒருக்கா வந்து உன்ரை யன்னலைத் திறந்து விடன் பிள்ளை," என்றேன். "அறை வேகுது."

இந்தப் பொங்கலுக்கு நாங்கள் ஒருவரையும் கூப்பிடவில்லை. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. பாலை வைத்துவிட்டு, பொங்குகிற நேரம் பொங்கட்டும் என்று குசினி யன்னலடியில் நின்றேன். இந்த வீட்டில் பால் பொங்கப் பொறுமை வேண்டும், அதை நாங்கள் படித்துவிட்டோம். மனுசன் முற்றத்தில் சவளால் பனி தள்ளிக்கொண்டிருந்தார். அவள் வருவதாக எனக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். அவருக்கும் காட்டினேன். விடிய எழும்பிப் படலையிலிருந்து வாசற்படி வரைக்கும் நிலம் தெரியத் தெரியப் பனியை வழித்துக்கொண்டு நின்றார்.

அவள் படலையைத் திறந்தாள். மெலிந்திருந்தாள். மனுசன் அவளுடைய பையை வாங்கிப் படியில் வைத்துவிட்டு மறுபடியும் சவளைத் தூக்கினார். அவள் உள்ளே வந்து என்னைக் கட்டிக்கொண்டாள், உடம்பெல்லாம் குளிர். பிறகு வழமை போலச் சப்பாத்தைக் கால் போன இடத்தில் கழற்றிவிட்டு மேலே ஏறினாள். இரண்டு பேரும் ஒரு சொல் பேசவில்லையே, நாளைக்குத் திரும்பிப் போய்விடுவாளோ என்று நினைத்தேன்.

மேலே யன்னல் அகலத் திறக்கிற சத்தம் கேட்டது. முற்றத்தில் மனுசன் நிமிர்ந்தார். திரைச்சீலை வெளியே பறந்தது. அவர் வாயைத் திறந்தார், மூடினார், பிறகு திறந்தார்.

"எடி பிள்ளை, நான் விறகு கொத்துறது தெருவைச் சூடாக்கவோ?"

"ஓம் அப்பா. தெருவைத்தான் சூடாக்கிறன்."

மனுசன் சவளைப் பனிக்குள் குத்திவிட்டு விறகுக் கொட்டிலுக்குப் போனார். திரும்பி வந்தபோது இரண்டு கையும் நாடி வரைக்கும் விறகு. முகத்தைத் துடைக்கக் கை இல்லாமல் அப்படியே அடுப்படிக்கு வந்து நின்றார்.

"இஞ்சேரும், இதையும் வையும்," என்றார். "அவள் திறந்து வைச்சிருக்கிறாள். அறை ஆறிப்போகும்."

கீழறைக்கு இறங்கிப் பம்ப் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வந்து, கட்டைகளை உள்ளே வைத்தேன்.